இரண்டு திகதிகளும் ஒரு சதுரக் கோட்டுக் கொப்பியும்

முதலில் ஒரு கொப்பி வாங்குங்கள். தொலைபேசியில் குறித்து வைத்தால் போதாதா என்று மருமகள் கேட்டாள். போதாது. இரவு பதினொரு மணிக்கு அவசர சிகிச்சைப் பிரிவில் நிற்கும் இளம் மருத்துவர் உங்கள் தொலைபேசியை வாங்கி ஒவ்வொரு படமாகத் தள்ளிக்கொண்டிருக்க மாட்டார். திறந்து நீட்டிய கொப்பி என்றால் ஒரு பார்வை பார்ப்பார். நான் வாங்கியது பிள்ளைகள் கணக்குப் பாடத்துக்குப் பாவிக்கும் சதுரக் கோட்டுக் கொப்பி. முப்பத்தொரு வருடம் கணிதம் படிப்பித்தவள். வெறும் கோட்டுத் தாளில் எனக்கு எண்கள் ஒழுங்காக நிற்காது.

அதன் முதற் பக்கத்தில் இரண்டு திகதிகளை எழுதுங்கள். ஒன்று, எச்.ஐ.வி. குளிசை தொடங்கிய நாள். மற்றது, புற்றுநோய்க்குக் கடைசியாகக் கீமோ மருந்து ஏற்றிய நாள். இனி நான் சொல்லப்போவது பெரும்பாலும் இந்த இரண்டையும் சுற்றித்தான்.

புற்றுநோயும் எச்.ஐ.வி.யும் ஒருவரிடமே கண்டுபிடிக்கப்பட்டு, இரண்டுக்கும் ஏறத்தாழ ஒரே காலத்தில் மருந்து தொடங்கி, அவரை வீட்டில் வைத்துப் பார்க்கும் பொறுப்பு உங்களிடம் வந்திருந்தால், இது உங்களுக்காக எழுதியது. நான் மருத்துவர் அல்ல. 2022இல் என் தம்பியைப் பார்த்துக்கொண்ட அக்கா. கழுத்தில் கட்டி என்று போனவனுக்கு லிம்போமா, அதாவது நிணநீர்ப் புற்றுநோய், என்றார்கள். லிம்போமா என்றதும் எச்.ஐ.வி. பரிசோதனையும் செய்தார்கள்; அதுவும் இருந்தது. தோலிலும் வாயிலும் வரக்கூடிய கபோசி சார்க்கோமா என்ற புற்றுநோய், வேகமாக வளரும் சில வகை லிம்போமாக்கள், கருப்பைக் கழுத்துப் புற்றுநோய் ஆகியவை எச்.ஐ.வி. முற்றிய நிலையோடு சேர்த்தே எண்ணப்படுபவை என்பது எனக்கு அன்றுதான் தெரியும். அவனுக்கு எப்படி வந்தது என்று கேட்பவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை; நான் அவனிடம் கேட்கவும் இல்லை.

எங்கள் வீடு கொக்குவிலில், காங்கேசன்துறை வீதியிலிருந்து சற்று உள்ளே. எச்.ஐ.வி. கிளினிக்குக்குத் தெற்கே யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைப் பக்கம் போக வேண்டும். கீமோவுக்கு வடக்கே தெல்லிப்பழை. 2011இல் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை நடந்து திரட்டிய நிதியில் எழுந்த புற்றுநோய்ப் பிரிவு அங்கே இருக்கிறது. ஒரே வீதி, எதிர் எதிர்ப் பஸ். இரண்டு இடத்திலும் அவரவர் வேலையை அக்கறையாகவே செய்தார்கள். ஆனால் இரண்டு பஸ்ஸிலும் ஏறி இறங்கியது நானும் கொப்பியும் மட்டுந்தான்.

எதைப் பற்றிப் பயப்பட வேண்டும்

எச்.ஐ.வி. குளிசை தொடங்கியபின் சிலருக்கு, அது நன்றாக வேலை செய்வதாலேயே, உடல்நிலை மோசமாகும். இதை விளங்கிக்கொள்ள எனக்கு இரண்டு கிழமை பிடித்தது. மருத்துவர்கள் இதைச் சுருக்கி 'ஐரிஸ்' என்கிறார்கள். நோயெதிர்ப்புச் சக்தி மீளும்போது உண்டாகும் அழற்சி என்பது பொருள்.

கிணறு கலக்கி இறைத்துப் பார்த்தவர்களுக்கு நான் அதிகம் சொல்லத் தேவையில்லை. இறைக்கும் நாளில் முதலில் வருவது சேறு. அந்தச் சேறு அன்றைக்கு வந்தது அல்ல, வருடக்கணக்கில் அடியில் கிடந்தது.

உடம்பில் கிடக்கும் சேறு எது? காசநோய்க் கிருமி, மூளைக்காய்ச்சல் தரும் கிரிப்டொகொக்கஸ் என்ற பூஞ்சை, கண்ணைத் தாக்கும் சைட்டோமெகலோ வைரஸ், கபோசி சார்க்கோமாவை உண்டாக்கும் வைரஸ், ஈரலைத் தாக்கும் ஹெபடைட்டிஸ் பி, அக்கி. சி.டி.4 என்ற காவல் அணுக்கள் மிகவும் குறைந்துபோனால் உடம்புக்கு இவற்றோடு சண்டையிடவே பலம் இருக்காது. காய்ச்சல்கூட ஒழுங்காக வராது. வீக்கமும் காய்ச்சலும் பெரும்பாலும் உடம்பு திருப்பி அடிப்பதன் அடையாளங்கள். குளிசை தொடங்கிச் சில கிழமைகளில் எச்.ஐ.வி. வைரஸ் சடுதியாக இறங்கும், உடம்பு விழித்துக்கொள்ளும், அடியில் கிடந்ததை அடையாளம் கண்டு அடிக்கத் தொடங்கும், சிலவேளை அளவில்லாமல்.

இது இரண்டு விதமாக வரும். அதுவரை யாருக்கும் தெரியாமல் மறைந்திருந்த நோய் வெளிப்படுவது ஒன்று. ஏற்கெனவே கண்டுபிடித்து, மருந்து கொடுத்து, குறைந்துகொண்டிருந்த நோய் மறுபடி முறுகுவது மற்றது. பெரும்பாலும் முதல் மூன்று மாதங்களுக்குள் வரும். ஆறு மாதம் வரைகூடக் கவனமாக இருக்க வேண்டும். குளிசை தொடங்கும்போது சி.டி.4 நூறுக்குக் கீழே, அதிலும் ஐம்பதுக்குக் கீழே இருந்தவர்களுக்கும், வைரஸ் எண்ணிக்கை மிக உயர்ந்திருந்தவர்களுக்கும் ஆபத்து அதிகம். தம்பிக்கு 41.

புற்றுநோயாளிக்கு இதில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. கழுத்தில் ஒரு நெறி வீங்குகிறது என்று வையுங்கள். ஐரிஸாக இருக்கலாம். புற்றுநோய் வளர்வதாக இருக்கலாம். லிம்போமாவும் கபோசியும்கூட குளிசை தொடங்கிய முதல் மாதங்களில் திடீரெனத் தலைகாட்டுவது உண்டு. கீமோவால் வெள்ளணுக்கள் விழுந்து புதிதாகத் தொற்றிய கிருமியாகவும் இருக்கலாம். கையால் தொட்டுப் பார்த்து எவராலும் பிரித்துச் சொல்ல முடியாது. திகதிகளை வைத்து மருத்துவர் எதை முதலில் தேடுவது என்று தீர்மானிக்க மட்டும் முடியும். அதற்குத்தான் கொப்பி.

குளிசை தொடங்குமுன் கேட்க வேண்டியவை

காசநோய் இருக்கிறதா என்று பார்த்தாயிற்றா, நெஞ்சுப் படம் எடுத்தாயிற்றா என்று கேளுங்கள். சி.டி.4 மிகக் குறைவாக இருந்தால் கிரிப்டொகொக்கஸுக்கு ஓர் இரத்தப் பரிசோதனை உண்டு. ஐம்பதுக்குக் கீழே என்றால் கண் மருத்துவர் பார்ப்பது நல்லது. ஹெபடைட்டிஸ் பி பரிசோதனை கட்டாயம், ஏனென்று பிறகு சொல்கிறேன். தோலிலும், வாயின் மேலண்ணத்திலும் ஊதா அல்லது கபில நிறத் திட்டுகள் இருக்கின்றனவா என்று வெளிச்சத்தில் பார்க்கச் சொல்லுங்கள். தம்பிக்கு ஒரு தாதி டோர்ச் அடித்துப் பார்த்தார். அப்போது அது தேவையில்லாத வேலை என்று நினைத்தேன்.

சிலருக்குக் குளிசையைப் பிந்தித் தொடங்குவார்கள். கிரிப்டொகொக்கஸ் மூளைக்காய்ச்சல் என்றால் 4 முதல் 6 கிழமை வரை, காசநோய் மூளைக்காய்ச்சல் என்றால் 4 முதல் 8 கிழமை வரை பொறுப்பது வழக்கம். மூடிய மண்டையோட்டுக்குள் வீக்கம் வந்தால் அதற்குப் போக இடமில்லை. மற்ற வகைக் காசநோய்க்கு மருந்து தொடங்கி இரண்டு கிழமைக்குள்ளேயே எச்.ஐ.வி. குளிசையையும் தொடங்கிவிடுவார்கள். ஆகவே 'ஏன் இன்னும் குளிசை தரவில்லை' என்று கிளினிக்கில் சண்டை பிடிக்காதீர்கள். காரணத்தைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

கீமோ கொடுப்பவருக்கு எச்.ஐ.வி. குளிசையின் பெயரைக் காட்டுங்கள். ரிட்டோனவிர், கோபிசிஸ்டாட் போன்றவை சேர்ந்த குளிசைகள் வின்கிறிஸ்டின் என்ற கீமோ மருந்தை உடம்பில் அதிகமாகத் தங்கவைத்து நரம்பைக் கெடுக்கும். தம்பிக்குத் தந்தது டெனோஃபோவிர், லமிவுடின், டொலுடெக்ரவிர் மூன்றும் ஒன்றாயிருக்கும் குளிசை. அரசாங்கக் கிளினிக்கில் இலவசம்.

பக்கத்தை எப்படி எழுதுவது

நான் ஒவ்வொரு நாளையும் ஒரு பின்னமாக எழுதினேன். தொகுதியில், எச்.ஐ.வி. குளிசை தொடங்கி எத்தனையாவது நாள். பகுதியில், கடைசிக் கீமோவிலிருந்து எத்தனையாவது நாள். தம்பி குளிசை தொடங்கியது 2022 ஜூன் 1. முதற் கீமோ ஜூன் 9. அன்று 9/1. இருபத்தொரு நாளுக்கு ஒரு தடவை கீமோ என்பதால், ஜூன் 30 வந்ததும் பகுதி மறுபடி 1 ஆகிவிடும். தொகுதி ஏறிக்கொண்டே போகும். 30/1.

இந்தப் பின்னம் சொல்லும் செய்தி இதுதான். பகுதி எண் 7க்கும் 14க்கும் இடையில் இருந்தால், கீமோவால் வெள்ளணுக்கள் அடிமட்டத்தில் இருக்கும் நாட்கள். தொகுதி எண் முதல் 90க்குள் இருந்தால் ஐரிஸ் வரக்கூடிய நாட்கள். இரண்டும் ஒன்றாக வரும் நாட்களை நான் சிவப்புப் பேனையால் முன்கூட்டியே வளைத்து வைத்தேன். உங்கள் கீமோ வேறு வகையாக இருந்தால் எந்த நாட்களில் அணுக்கள் விழும் என்று அங்கேயே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

பின்னத்துக்குப் பக்கத்தில் காலை, மாலை வெப்பநிலை. ஒரே தெர்மாமீற்றர், ஒரே நேரம், ஒரே இடம். வாயில் புண் இல்லாவிட்டால் நாக்கின் கீழ் வைப்பது நல்லது. கக்கத்தில் வைத்தால் சற்றுக் குறைத்தே காட்டும். கீமோ எடுப்பவர்களுக்கு மலவாசலில் வைத்துப் பார்க்கக் கூடாது. பிளேன்ரீ குடித்த கையோடும் பார்க்காதீர்கள். என் தம்பி இரண்டு தடவை அப்படி என்னை ஓட வைத்தான். செல்சியஸ், பரனைட் இரண்டையும் கலக்காமல் ஒன்றையே எழுதுங்கள். எல்லைக்கோடு 38, பரனைட்டில் 100.4.

பனாடோல் போடுமுன் பாருங்கள், போட்டபின் அல்ல. எங்கள் ஊரில் உடம்பு கணகணத்தால் கை தானாகவே பனாடோலைத் தேடும். அது காய்ச்சலை மூடிவிட்டால் நாலு மணித்தியாலம் போய்விடும். கீமோவோடு ஐந்து நாள் கொடுக்கும் பிரெட்னிசலோன் என்ற ஸ்டீரொய்ட் மருந்தும் அப்படித்தான்: அந்த ஐந்து நாளும் தம்பி நல்ல உற்சாகமாக இருப்பான், புட்டு இரண்டு தடவை கேட்டுச் சாப்பிடுவான், ஆறாம் நாள் அதுவரை மறைந்திருந்ததெல்லாம் வெளியே வரும். ஆகவே அந்த ஐந்து நாளில் காய்ச்சல் இல்லை என்பதைப் பெரிய ஆறுதலாக எடுக்க வேண்டாம்.

கிழமைக்கு ஒருமுறை நிறை. வீக்கம் இருந்தால் அதன் அளவு. நான் அம்மாவின் தையல் நாடாவை எடுத்து, தொண்டை முடிச்சுக்குக் கீழே கழுத்தைச் சுற்றிப் பிடித்து அளந்தேன். அவனை நிமிர்ந்து இருக்கச் சொல்லி, சுவரிலிருந்த கலண்டரைப் பார்க்கச் சொல்லுவேன். ஒவ்வொரு முறையும் தலை ஒரே கோணத்தில் இருக்க வேண்டுமே. இரண்டாவது கீமோவன்று 38 சென்ரிமீற்றர்.

37/8

ஜூலை 7, வியாழக்கிழமை. அந்த நாட்களை நினைவிருக்கும். ஜூன் 27 நள்ளிரவோடு அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டுந்தான் எரிபொருள் என்று நிறுத்திவிட்டார்கள். மின்வெட்டு வேறு. இரவு 9.40க்கு விறாந்தையில் டோர்ச் வெளிச்சத்தில் தெர்மாமீற்றரைப் பார்த்தேன்: 38.6. பத்து நிமிடம் கழித்து மறுபடி 38.6.

'விடிய ஆறு மணிக்குப் போவோம் அக்கா' என்றான். பின்னத்தைப் பார்த்தேன். எட்டாம் நாள். வெள்ளணுக்கள் விழுந்திருக்கும் நேரத்தில் வரும் காய்ச்சலுக்கு விடியும்வரை பொறுக்க முடியாது. ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்து ஒரு மணித்தியாலத்துக்குள் கிருமிக்கு எதிரான ஊசி மருந்து ஏற வேண்டிய அவசரம் அது. 1990 சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். அதற்குத்தான் எண்ணை அழுத்தினேன். அதற்குள் ஒழுங்கையில் ஓட்டோ வைத்திருக்கும் பையன், சோடாப் போத்தலில் ஒளித்து வைத்திருந்த பெற்றோலோடு படலையில் வந்து நின்றான். நீங்கள் 1990ஐயே கூப்பிடுங்கள். எல்லா ஒழுங்கையிலும் சோடாப் போத்தல் இருக்காது.

ஆகவே முதலாவது விதி: கீமோ நடக்கும் காலத்தில் 38ஐத் தொட்டால், அது ஐரிஸாக இருக்கும் என்று நீங்களாக முடிவு கட்டி வீட்டில் இருக்காதீர்கள். ஐரிஸ் என்பது மற்றவை எல்லாம் இல்லை என்று பார்த்தபிறகு கடைசியாக வைக்கும் பெயர்.

அன்றிரவு அவசர சிகிச்சைப் பிரிவில் நின்ற இளம் மருத்துவர் கொப்பியைப் பார்த்துவிட்டு, 'இது என்ன அம்மா, பின்னக் கணக்கு?' என்று கேட்டார். சொன்னேன். சிரிக்கவில்லை, அப்படியே தன் தாளில் எழுதிக்கொண்டார். வெள்ளணுக்கள் உண்மையாகவே விழுந்திருந்தன. ஊசி மருந்து தொடங்கியது.

ஆறு நாளில் அணுக்கள் ஏறிவிட்டன. காய்ச்சல் இறங்கவில்லை. அப்போதுதான் கழுத்து வீங்கத் தொடங்கியது. நாடாவில் முதல் நாள் 39 சென்ரிமீற்றர், மறுநாள் 40, 45/16 அன்று 41.5. தோல் சிவந்து பளபளத்தது. பக்கத்துக் கட்டிலுக்கு வந்த ஒருவர் என்னிடமே 'கான்சர் திரும்பிவிட்டது போல' என்றார். வாட்டில் இப்படி இலவசமாக நோய் சொல்பவர்கள் எப்போதும் ஓரிருவர் இருப்பார்கள், காதில் வாங்காதீர்கள்.

எச்.ஐ.வி. கிளினிக் மருத்துவர் வந்து புதிய பரிசோதனைகளைப் பார்த்தார். சி.டி.4 அவ்வளவாக ஏறவில்லை, 58 மட்டுமே. கீமோ அதை மேலே வரவிடாது என்றார். ஆனால் லட்சக்கணக்கில் இருந்த வைரஸ் நூறுக்குக் கீழே வந்திருந்தது. அவர் விரல் வைத்துக் காட்டியது அந்த எண்ணைத்தான். சி.டி.4 ஏறாததால் ஐரிஸ் இல்லை என்று நினைத்துவிடக் கூடாது, வைரஸ் இறங்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்பதை நான் அன்று கொப்பியின் பின்னட்டையில் எழுதினேன்.

கழுத்தில் ஊசி குத்தி எடுத்தார்கள். வந்தது சீழ். அதில் காசநோய்க் கிருமி இருந்தது. லிம்போமா அணுக்கள் இல்லை. மே மாதத்து நெஞ்சுப் படத்தில் எதுவும் தெரியாமல், அடியில் கிடந்த சேறு.

இங்கே உங்கள் வேலை ஒன்று உண்டு. வீக்கம் வந்ததும் 'புற்றுநோய்தான், கீமோவை மாற்றுவோம்' என்றோ 'ஐரிஸ்தான், பார்த்திருப்போம்' என்றோ யாராவது சொன்னால், 'அதிலிருந்து ஊசியால் எடுத்துப் பரிசோதிக்க முடியுமா?' என்று பணிவாகக் கேளுங்கள். கேட்பதில் குற்றமில்லை.

மருந்துக்கு மேல் மருந்து

காசநோய்க்கு நான்கு மருந்து, ஆறு மாதச் சிகிச்சை. அதில் ரிஃபாம்பிசின் என்ற மருந்து டொலுடெக்ரவிரை உடம்பிலிருந்து வேகமாக வெளியேற்றும். அதனால் அதை நாளுக்கு இரண்டு வேளையாக்கினார்கள்: காலையில் வழக்கமான மூன்றும் சேர்ந்த குளிசை, இரவில் டொலுடெக்ரவிர் மட்டும் இன்னொன்று. சிறுநீர் செம்மஞ்சளாகப் போகும். பயப்பட வேண்டாம், முன்கூட்டியே நோயாளியிடம் சொல்லி வையுங்கள். காசநோய்க்கான ஐசோனியசிட், கீமோவிலுள்ள வின்கிறிஸ்டின் இரண்டும் நரம்பை விறைக்கச் செய்யக்கூடியவை. விற்றமின் பி6 தருவார்கள். விரல் நுனி மரத்தால், சட்டைப் பொத்தான் பூட்டத் தடுமாறினால், அதையும் எழுதுங்கள்.

வீட்டிலிருந்தவர்களுக்கும் காசநோய்ப் பரிசோதனை செய்தார்கள். அம்மாவுக்கு எண்பத்தொரு வயதில் முதன்முதலாக நெஞ்சுப் படம் எடுத்தோம். 'சாறியோடு நின்றால் வடிவாக வருமே' என்று அவருக்குக் கவலை.

அழற்சி அடங்கப் பிரெட்னிசலோன் கொடுத்தார்கள். அதற்குமுன் மறுபடி தோலையும் வாயையும் டோர்ச் அடித்துப் பார்த்தார்கள். கபோசி சார்க்கோமா இருப்பவருக்கு ஸ்டீரொய்ட் கொடுத்தால் அது பற்றிப் படரும். அவர்களுக்கு ஐரிஸ் வந்தால் கீமோவையும் எச்.ஐ.வி. குளிசையையும் கொண்டுதான் சமாளிப்பார்கள். முதலில் அந்தத் தாதி ஏன் மேலண்ணத்தைப் பார்த்தார் என்பது அன்று விளங்கியது. ஆகவே உடம்பில் புதிதாக ஒரு ஊதாத் திட்டு, காலில் காரணமில்லாத வீக்கம் எதையாவது கண்டால், யாராவது ஸ்டீரொய்ட் எழுதுமுன் வாய்திறந்து சொல்லிவிடுங்கள்.

ஸ்டீரொய்ட் சீனியை ஏற்றும். காலையில் போடும் பிரெட்னிசலோனுக்குச் சீனி ஏறுவது பிற்பகலில். காலையில் வெறும் வயிற்றில் மட்டும் பார்த்தால் தப்பிவிடும். என்னுடைய குளுக்கோமீற்றரில் மாலை நாலு மணிக்குப் பார்த்தேன். 268. அன்றோடு பனங்கட்டி அலுமாரிக்குப் போயிற்று. மருந்தை அவர்கள் சொன்னபடி படிப்படியாகக் குறைக்க வேண்டும். திடீரென நிறுத்தக் கூடாது.

மூன்றாவது கீமோவை இரண்டு கிழமை தள்ளிப்போட்டார்கள். கழுத்து உடனே வற்றவில்லை. இன்னும் இரண்டு தடவை சீழ் எடுத்தார்கள். அளவு 38 சென்ரிமீற்றருக்குத் திரும்பி வரும்போது புரட்டாதி.

குளிசையை நிறுத்துவது

ஓகஸ்டில் வீட்டுக்கு வந்தபின் ஒருநாள் போத்தலைக் கொட்டி எண்ணினேன். 18 இருக்க வேண்டும். 22 இருந்தது. என்னதான் மறைத்தாலும் கணக்கு ரீச்சரிடம் நாலு குளிசையை மறைக்க முடியாது. தலையணை உறைக்குள் ஒளித்து வைத்துவிட்டு, நான் அசந்த நேரத்தில் போத்தலில் திருப்பிப் போட்டிருக்கிறான். 'இந்தக் குளிசை தொடங்கும்வரை எனக்குக் காய்ச்சல் இல்லை அக்கா. இதுதான் என்னைக் கொல்கிறது' என்றான். அவன் சொன்னதில் பாதி உண்மை. அதனால்தான் அது ஆபத்தான பேச்சு.

ஐரிஸ் வந்தாலும் எச்.ஐ.வி. குளிசையைத் தொடர்வதுதான் வழக்கம். நிறுத்தினால் வைரஸ் மறுபடி ஏறும். விட்டுவிட்டுப் போட்டால் மருந்துக்கு மசியாத வைரஸ் உருவாகலாம். ஹெபடைட்டிஸ் பி இருப்பவருக்கு இன்னொரு ஆபத்து: டெனோஃபோவிரும் லமிவுடினும் அதையும் சேர்த்தே அடக்கி வைத்திருக்கின்றன, நிறுத்தினால் ஈரல் கடுமையாகப் பாதிக்கப்படலாம். மூளை வீக்கம் போல உயிருக்கே ஆபத்தான நிலையில் மட்டும் நிறுத்துவதைப் பற்றி யோசிப்பார்கள். அதையும் மருத்துவர்தான் முடிவு செய்வார். அன்றே கிளினிக்குக்குத் தொலைபேசி எடுத்தேன். ஏசவில்லை. உடனே தொடங்கச் சொல்லி, வைரஸ் பரிசோதனையை முன்னுக்குக் கொண்டுவந்தார்கள். அதன்பின் நான் கிழமைக்கு ஒருமுறை எண்ணினேன், அவன் முன்னாலேயே.

பொறுக்கக் கூடாதவை

காய்ச்சலைத் தவிர, இவற்றில் எதுவும் வந்தால் மறுநாள் கிளினிக் என்று இருக்காதீர்கள்: விட்டுப்போகாத தலையிடியும் சத்தியும், இரண்டிரண்டாகத் தெரிவது, பேச்சுக் குழறல், வலிப்பு, மயக்கம். கண்முன் கரும்புள்ளிகள் மிதப்பது, பார்வை மங்குவது. மூச்சு வாங்குவது, தொண்டையருகே வீங்கி விழுங்க முடியாமல் போவது. கண் மஞ்சளாவது. உடம்பில் ஒரு பக்கம் மட்டும் எரிந்து கொப்புளம் போட்டால் அது அக்கியாக இருக்கலாம். அதையும் அன்றே காட்டுங்கள்.

கடைக் குளிசைகள், கசாயங்கள்

மூன்றாவது கிழமையில் தம்பிக்கு மூட்டு நோவு. அருகில் ஒரு தனியார் மருந்தகம், பெயர் வேண்டாம். எச்.ஐ.வி. என்று சொல்ல எங்களுக்கு வெட்கம்; டைக்ளோபினாக் கட்டித் தந்தார்கள். பாதிப் பிழை எங்களுடையது. அந்த வகை நோவுக் குளிசை டெனோஃபோவிரோடு சேர்ந்து சிறுநீரகத்தைக் கெடுக்கும். கீமோவால் இரத்தத் தட்டுகள் குறைந்திருந்தால் இரத்தக் கசிவும் வரும். இரண்டு நாளில் கிளினிக்கில் கண்டுபிடித்து நிறுத்தினார்கள்.

கல்சியம், இரும்புக் குளிசைகளும் நெஞ்செரிவுக்குக் குடிக்கும் வெள்ளைப் பாணி மருந்தும் டொலுடெக்ரவிரைப் பிடித்து வைத்துக்கொண்டு உடம்பில் சேரவிடாது. எச்.ஐ.வி. குளிசையை அவற்றுக்கு 2 மணித்தியாலம் முன்னரோ 6 மணித்தியாலம் பின்னரோ போட வேண்டும். கல்சியமும் இரும்பும் என்றால் சாப்பாட்டோடு சேர்த்து ஒன்றாகவும் போடலாம்; நெஞ்செரிவு மருந்துக்கு அந்தச் சலுகை இல்லை. ஊரார் கொண்டுவந்து தரும் கசாயங்களுக்கு நன்றி சொல்லி வாங்கி வைத்துவிடுங்கள். நான் உறைப்பில்லாத ஒடியல் கூழ் மட்டும் கொடுத்தேன். உறைப்பில்லாத கூழ் கூழா என்று தம்பி கேட்டது வேறு கதை.

யாருக்குச் சொல்வது

கொப்பியில் நான் எச்.ஐ.வி. என்று எங்கும் எழுதவில்லை. 'இராக்குளிசை' என்று எழுதினேன். காசநோய் மருந்து வந்தபின்னும் அந்தப் பெயரையே வைத்துக்கொண்டேன். கிளினிக் கடிதம் தனி உறையில், கொப்பியின் கடைசி அட்டைக்குள். உறவினர் யாராவது கொப்பியைப் புரட்டினால் வெறும் எண்கள். வைத்தியசாலையில், மருத்துவரிடம் 'தனியே ஒரு விஷயம் காட்ட வேண்டும்' என்று சொல்லி உறையைக் கொடுத்தேன். வரிசையில் நிற்கும்போது சத்தமாகச் சொல்ல வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை. ஆனால் மருந்து எழுதும் ஒவ்வொருவருக்கும் சொல்லியே ஆக வேண்டும். டைக்ளோபினாக் எங்களுக்குப் படிப்பித்தது அதைத்தான்.

ஒரே கோப்பையில் சாப்பிடுவதாலோ ஒரே கிணற்றடியில் குளிப்பதாலோ எச்.ஐ.வி. தொற்றாது. சவர அலகு மட்டும் அவரவருக்குத் தனியாக இருக்கட்டும். குளிசையை ஒழுங்காகப் போட்டு, பரிசோதனையில் வைரஸ் தெரியாத அளவுக்குக் குறைந்து அப்படியே இருந்தால், உடலுறவு மூலம்கூட மற்றவருக்குப் போகாது. அம்மாவுக்கு இதில் முதல் பகுதியை மட்டும் சொன்னேன்.

எப்போது குறைக்கலாம்

கீமோ ஆறும் முடிந்து அணுக்கள் தேறும்வரை இரண்டு வேளையும் வெப்பநிலை பாருங்கள். தொகுதி 180ஐத் தாண்டி, கிளினிக்கிலும் சரி என்றால், உடம்பு சரியில்லாத நாளில் மட்டும் பார்த்தால் போதும். எங்கள் கொப்பியில் கார்த்திகையோடு பகுதி எண் நின்றுவிட்டது. தொகுதியை இப்போது தம்பியே எழுதுகிறான், கிழமைக்கு ஒருமுறை, கோணல்மாணலான எழுத்தில். கொப்பி நிரம்பிப் புதியது வாங்கினால் குளிசை தொடங்கிய திகதியையும் பழைய மருந்துகளின் பெயர்களையும் முதற் பக்கத்தில் மறுபடி எழுதுங்கள். பழைய கொப்பியை எறியாதீர்கள். எங்களுடையது பொலித்தீன் பையில் சுற்றி, அரிசி வாளிக்கு மேல் தட்டில் இருக்கிறது.